மறைமுகப் பயனாளி

அக்கா,

இன்று காலை எங்கள் கட்டிடத்துப் படிக்கட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் பெயிண்டில் கலக்கும் தின்னர் டின்னைத் திறந்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து பார்த்து, இனி கட்டிடம் புதுசு போல ஆகிவிடும் என்று சந்தோஷப்பட்டாள். எனக்கு அந்த நெடி உன் சேலை வாசனை. தொண்டைக்குள் இறங்கியதும் வாஷ்பேசினுக்கு ஓடினேன்.

தாராவியில் நம் சந்து முனையில், டிரம் வியாபாரி சேட்டின் கோடவுன் வாசலில் குத்தவைத்து நீ டிரம் கழுவுவாய். கடற்படைக் கிடங்கிலிருந்து ஏலத்தில் எடுத்த காலி டிரம்கள் லாரியில் வந்து இறங்கும். நீல நிறம், இடுப்பு உயரம். மேலே ஒட்டியிருக்கும் லேபிளை சேட்டின் ஆட்கள் முதலிலேயே சுரண்டிவிடுவார்கள். அடியில் தங்கிய குழம்பை நீ தோள்வரை கையை விட்டு, சோடா உப்பும் மணலும் போட்டுத் தேய்த்து எடுப்பாய். கழுவிய டிரம்கள் தண்ணீர் பிடித்து வைக்க வீடு வீடாக விலைபோகும். பள்ளிக்கூடம் விட்டு வரும் நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு உன்னைக் கடப்பேன். "மூக்க விடுட்டி. நேவிக்காரன் பூசுத சென்டுலா இது" என்பாய்.

பிறகு என் வீட்டார் செம்பூருக்குக் குடிவந்தோம். நீங்கள் அந்தச் சந்திலேயே இருந்தீர்கள். நான் பொருளாதாரம் படித்து, ஓர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தேன். அங்கே எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, அதே கிடங்கால் மாநிலத்துக்கு விளையும் பொருளாதார நன்மையைத் திரட்டுவது. கிடங்கில் சம்பளம் வாங்குபவர் நேரடிப் பயனாளி. அவர்களுக்குச் சட்டை தைப்பவர், பெல்ட் செய்யும் தோல் பட்டறைக்காரர், கேட்டுக்கு எதிரே வடாபாவ் விற்பவர், இவர்கள் எல்லாம் மறைமுகப் பயனாளிகள். தமிழ்ச் சந்துகளுக்கான கணக்கெடுப்பு ஃபாரத்தை மொழிபெயர்த்தவள் நான். 'மறைமுகப் பயனாளி' என்ற சொல்லைப் போட்டவளும் நான்தான். நல்ல தமிழ் என்று எனக்கு அதில் கொஞ்சம் திருப்திகூட இருந்தது.

ஃபாரத்தோடு உன் முன்னால் வந்து உட்கார்ந்தேன். பழைய துப்பட்டாவால் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டியிருந்தாய். நான் வாசித்ததை நடுவில் நிறுத்தினாய்.

"மறைமுகம்னா என்னட்டி?"

"நேரா வராம, சுத்தி வாரது, அக்கா."

"நான் மொகத்த மூடிக்கிட்டு இருக்கவுகளோன்னு நெனச்சேன். எப்டின்னாலும் நாந்தான அது. போட்டுக்கோ."

இருவரும் சிரித்தோம். நான் கட்டத்தில் டிக் போட்டேன். உன் விரல் நகங்கள் கறுத்து, இரண்டு உதிர்ந்திருந்தன. அதை எழுத ஃபாரத்தில் இடமில்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாளின் ஓரம் முழுக்க வெள்ளையாகத்தான் கிடந்தது.

அடுத்த மழைக்காலத்தில் உன் கண்கள் மஞ்சளாயின. சோறு இறங்கவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் மட்டும் உன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அந்த டிரம்களில் என்ன இருந்தது, பெயர் தெரிந்தால் வைத்தியத்துக்கு ஏதாவது வழி உண்டா பார்க்கலாம் என்றாராம். சேட்டிடம் கேட்டாய். காலி டிரம்மில் என்ன இருக்கும், காற்றுதான் என்றார் அவர். அதன் பிறகுதான் எனக்கு போன் செய்தாய்.

"நீ கிடங்குக்குள்ள போய் வார பிள்ளதான? அந்த டிரம்முல என்ன இருந்துச்சுன்னு ஒரு வார்த்த கேட்டுட்டு வா, போதும்."

நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன். மறுவாரம் கிடங்கு அதிகாரியின் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருந்தேன். போகும் வழியிலேயே எங்கள் மேலாளர் சொல்லியிருந்தார், நாம் நன்மையைப் பார்க்க வந்தவர்கள், வேறு எதையும் கிளறக் கூடாது என்று. அதிகாரி மரியாதையானவர். டீ வந்தது, முந்திரி பிஸ்கட் வந்தது. என் நோட்டு மடியில் திறந்தே இருந்தது. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பாரோ என்னவோ. நான் பிஸ்கட்டைத் தின்றேன். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

உன்னிடம், கேட்டேன், சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்றேன். நீ என்னைச் சமாதானப்படுத்தினாய். "பரவால்லட்டி. சண்டைக்கு உள்ள சாமான்லா, ரகசியமா வச்சிருப்பாக." வாழ்நாளில் நான் கேட்டவற்றிலேயே எனக்குக் குமட்டலைத் தருவது அந்த ஆறுதல்தான். நான் சொன்ன பொய்க்கு நீயே ஒரு நியாயமும் தேடிக் கொடுத்தாய்.

மழை விடுமுன் நீ போய்விட்டாய். அடுத்த வாரம் ஒரு ஹோட்டலில் அறிக்கை வெளியீடு. பேசிய பெரியவர் ஒருவர், இந்தக் கிடங்கு மாநிலத்துக்கே சோறு போடுகிறது என்றார். மேசைகளில் பாதி கடித்த பேஸ்ட்ரிகள் ஈரமாகக் கிடந்தன. திரையில் தெரிந்த வரைபடத்தில் மறைமுகப் பயனாளிகளின் பட்டைக் கோடு, பச்சை நிறத்தில், எல்லாவற்றையும்விட உயரமாக எழுந்தது. அதில் மயிரிழை அளவு நீயும் இருந்தாய். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதற்கு மறுநாள்தான் உன் வீட்டுக்கு வர எனக்குத் துணிவு வந்தது. அத்தான் பாயை விரித்து உட்காரச் சொன்னார். உன் மகள் வேலைக்குப் போயிருந்தாள். மூலையில் நீல டிரம் ஒன்று நின்றது. தீபாவளிக்கு சேட்டு இனாமாகத் தந்தது என்று ஒருமுறை நீ சொல்லியிருக்கிறாய். அத்தான் அதிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மோந்து நீட்டினார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். உதட்டருகே கொண்டுபோனேன், முடியவில்லை. சின்ன வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியவளேதான் நான் என்று அப்போது தெரிந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடி பிள்ள. அவ கழுவுன டிரம்முதான். நல்லாத்தான் கழுவிருக்கா."

இந்த டிரம் வேண்டாம் அத்தான், மாற்றிவிடுங்கள் என்றேன். ஏன், அதில் என்ன இருந்தது என்று கேட்டார்.

"தெரியாது அத்தான். அக்கா கேக்கச் சொன்னா. நான் கேக்கவே இல்ல."

அவர் கோபப்பட்டிருக்கலாம், படவில்லை. தம்ளரை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"கடைசில ஆஸ்பத்திரில பக்கத்து பெட்டுக்காரிட்ட எல்லாம் சொல்லிட்டே கெடந்தா. எங்க சந்துப் பிள்ள ஒண்ணு இருக்கு, எனக்காவ ஆபீசர் மூஞ்சிக்கு நேரயே கேட்டுட்டு வந்துச்சுன்னு."

அப்புறம் எழுந்து, டிரம்மைச் சாய்க்க என்னையும் ஒரு கை பிடிக்கச் சொன்னார். தண்ணீர் சந்துச் சாக்கடையில் ஓடி முடியும்வரை இருவரும் பிடித்துக்கொண்டிருந்தோம்.

அக்கா, நீ அந்தப் பக்கத்துப் படுக்கைக்காரியிடம் சொன்ன பெண்ணை நான் பார்த்ததே இல்லை. அவள் அந்த அறைக்குள் போய், பிஸ்கட் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டிருப்பாள். எங்கே போனாலும் அவளை என் கூடவே கூட்டிக்கொண்டு போகிறேன். அவள் என்னோடு ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை.