வந்தவர்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்

கால்டர் கிரீக், ஓஹையோ
நவம்பர் மாதம், புதன்கிழமை காலை

அன்புள்ள மார்னிக் கண்ணுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் உன் ஆட்டு நோயாளிகளும் சுகம்தானே? நியூஸிலாந்தில் குட்டி போடும் பருவம் முடிந்து, நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. உன் அப்பாவுக்கு உடம்பில் ஒன்றுமே இல்லை, வாயில்தான் கொழுப்பு. இதையெல்லாம் போனில் சொல்லலாம், ஆனால் நான் போனை எடுத்தால் போதும், ஏதோ திருகாணியைத் தொலைத்தவர் மாதிரி அடுத்த அறையில் வந்து நின்றுகொள்கிறார். அதனால்தான் கம்ப்யூட்டரில் கடிதமாகத் தட்டி அனுப்புகிறேன். படித்ததும் நீ அவருக்குப் போன் செய்ய வேண்டும், அதுவும் வெள்ளிக்கிழமைக்குள். எதற்கு என்று சொல்கிறேன், பொறு. நடுவில் நீ குறுக்கிட முடியாது என்பது கடிதத்தில் ஒரு வசதி.

முட்டைப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற நம் ஊர்ப் பல்கலைக்கழக ஃபுட்பால் அணி என்ன லட்சணத்தில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். நீ போன பிறகு அதற்கும் கீழே போய்விட்டது. இந்த வருஷம் பதினொரு ஆட்டத்தில் இரண்டே வெற்றி. செப்டம்பரில் வழக்கம்போல லட்சம் பேர் உட்காருகிற ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போய் அடி வாங்கிக்கொண்டு வந்தார்கள். அடி வாங்குவதற்கென்றே அவர்கள் பணம் தருகிறார்கள், அந்தக் கூலியில்தான் இங்கே மற்றதெல்லாம் ஓடுகிறது. அறுபத்தொன்றுக்குப் பூஜ்யம், போதாக்குறைக்கு பந்தை எறிகிற நம் குவாட்டர்பேக் பையனின் தோள்பட்டை எலும்பும் போனது. உருப்படியாக ஓடத் தெரிந்த ஒரே பையனைப் போன டிசம்பரிலேயே ஒரு பணக்காரக் கல்லூரி கொத்திக்கொண்டு போய்விட்டது. டிவிக்காரன் நமக்குச் சனிக்கிழமை தரமாட்டானாம், செவ்வாய் சாயங்காலம் ஆடினால்தான் காட்டுவானாம். நவம்பர் மாதம், செவ்வாய்க்கிழமை, பனியும் மழையும் கலந்து முகத்தில் அறைகிறது, எந்தப் பைத்தியக்காரன் வருவான்? மாணவர்களே வருவதில்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் கட்டணத்திலும் ஃபுட்பாலுக்கென்று ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைப் பார்க்கிறார்கள். இந்த முட்டைப் பந்துக்காக உன் நீச்சல் அணியை மூடினார்களே, அதற்குப் பிறகு நீ அந்த மைதானத்தின் பக்கம் திரும்பவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை. உனக்கும் அப்பாவுக்கும் நடுவில் அந்தப் பேச்சு வரவே கூடாது என்று பதினொரு வருஷமாக நானும் பல்லைக் கடித்துக்கொண்டு வானிலையைப் பற்றியே பேசி வந்திருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். லீக்கில் ஒரு விதி, சராசரியாக ஓர் ஆட்டத்துக்குப் பதினைந்தாயிரம் பேர் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். வராத ஆளுக்கு எங்கே போவது? குளிர்பான வியாபாரி ஸ்டான் பிக்லர் இருக்கிறாரே, அவர் வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் டிக்கெட்டை மலிவு விலைக்கு வாங்கிக் கிடங்கில் போட்டுவிடுவார், பதிலுக்கு மைதானம் முழுக்க அவர் பானம்தான் விற்கும். அந்த டிக்கெட்டுக்கெல்லாம் ஆள் வந்ததாகக் கணக்கு. ஊருக்கே தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. ஆட்டத்தின் மூன்றாம் கால் பகுதியில் ஒரு துண்டுச் சீட்டு மேலே அறிவிப்பாளர் கூண்டுக்கு வரும், அதில் இருக்கும் எண்ணை முப்பத்தொரு வருஷமாக மைக்கில் வாசித்தவர் யார் தெரியுமல்லவா, சாட்சாத் உன் அப்பாதான்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை சீட்டு வந்தது. அதில் பதினாலாயிரத்து இருநூற்று ஆறு என்று இருந்ததாம். அப்போது நாம் நாற்பத்தொன்றுக்கு மூன்று என்று தோற்றுக்கொண்டிருந்தோம், அறிவிக்க ஒன்றும் இல்லாததால் உன் அப்பா தலைகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். தபால்காரராக இருந்த காலத்திலிருந்தே அந்தப் பழக்கம், தெருவில் போனால் வீட்டை எண்ணுவார், சர்ச்சில் உட்கார்ந்தால் தொப்பியை எண்ணுவார். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே மைக்கில் சொல்லியிருக்கிறார், "இன்னைக்கு வந்தவங்க அறுநூத்திப் பன்னெண்டு பேர். ஒவ்வொருத்தருக்கும் நன்றி. பத்திரமா வீட்டுக்குப் போங்க." டிவிக்காரனும் சளைக்காமல் காலி நாற்காலிகளை வரிசை வரிசையாகக் காட்டியிருக்கிறான். நான் வழக்கம்போல வண்டி நிறுத்துமிடத்தில் காரில் ஹீட்டரைப் போட்டுக் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தேன், ஒலிபெருக்கியில் கேட்டதும் பென்சிலைக் கீழே போட்டுவிட்டேன். பேண்டு வாசிக்கிற பிள்ளைகளைச் சேர்த்தீர்களா என்று பிறகு கேட்டேன். "அதுங்க ஓசி டிக்கெட் லோர்னா, அதுங்களச் சேத்தா அது பொய்க் கணக்கு" என்கிறார். பாப்கார்ன் விற்கிறவனைச் சேர்த்திருக்கிறார். ஏன் என்றால், "அவன் ஆட்டத்தப் பாத்தான்" என்கிறார். இந்த மனுஷனோடு குடும்பம் நடத்துகிற எனக்குத்தான் ஏதாவது பதக்கம் தர வேண்டும்.

மறுநாளே விளையாட்டுத் துறை இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். பெயர் டிரென்ட், ஆறு வருஷத்தில் இவர் மூன்றாவது ஆள், பனியிலும் வெள்ளை ஷூதான் போடுவார். கத்தவெல்லாம் இல்லையாம், முதுகில் தட்டிக்கொடுத்து ஒரு தாளை நீட்டினாராம். 'எண்ணைத் தவறாக வாசித்துவிட்டேன், வருந்துகிறேன்' என்று நாலு வரி. வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மைக் இவருக்கு, இல்லாவிட்டால் ரேடியோவில் பாட்டுப் போடுகிற ஒரு பையனுக்கு. அந்தத் தாள் இப்போது நம் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் தொங்குகிறது. பால் எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்க்கிறார், பாலை ஊற்றிக்கொண்டு போய்விடுகிறார். மார்னி, நாலு வரிதானே? முப்பத்தொரு வருஷம் பொய் எண்ணை வாசித்தவருக்கு இப்போது என்ன திடீர் ஞானோதயம்? அந்த மைக் இல்லாமல் இவர் சனிக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்து என் சமையலை அறிவிக்க ஆரம்பித்துவிடுவார். அதைவிட, அந்தக் கூண்டைத் தவிர இவருக்கு வேறு போக்கிடம் இல்லை, அது போனால் மனுஷன் ஒரு வருஷத்தில் ஒடிந்துவிடுவார் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நீ சொன்னால் கேட்பார். கையெழுத்துப் போடுங்கப்பா என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. அப்புறம், அந்தக் கடைவாய்ப் பல்லைக் காட்டினாயா இல்லையா? ஆட்டின் பல்லைப் பார்க்கத் தெரிகிறவளுக்குத் தன் பல் தெரியாதா?

சனிக்கிழமை

மேலே எழுதியதை அனுப்பப் போகும் நேரத்தில் ஓவன் மணி அடித்தது, பூசணிக்காய்ப் பலகாரம் கருகப் பார்த்தது, அதோடு மறந்தே போனேன். இப்போது பார்த்தால் அப்படியே கிடக்கிறது. அழிக்க மனமில்லை, நான் என்ன நினைத்தேன் என்பதும் உனக்குத் தெரியட்டும். ஆனால் கையெழுத்துப் போடச் சொல்லாதே. மீதியைப் படி.

வியாழக்கிழமை நன்றித் திருநாள் விருந்துக்கு வாலியும் அவர் மனைவியும் வந்தார்கள். வாலியை ஞாபகம் இருக்கிறதா, வண்டி நிறுத்துமிடத்தில் அப்பாவோடு சாஸேஜ் சுடுவாரே, அவர்தான். வான்கோழி வறண்டு போயிருந்தது, யாரும் சொல்லவில்லை, ஆனால் கிரேவி முழுக்கக் காலியானது. அவர்கள் போன பிறகு நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே புலம்பினேன். என்னதான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், நாலு வரிக்கு ஏன் இந்த வீம்பு என்று கேட்டேன். துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கிண்ணத்தை எடுத்துத் துடைத்தார். பிறகு சொன்னார். "நீச்சல மூடுனப்போ என்ன சொன்னாங்க? பாக்க ஆள் வரலன்னாங்க. மார்னியோட கடைசிப் போட்டிக்குப் போயி நான் எண்ணுனேன் லோர்னா. முன்னூத்திப் பதினொண்ணு. அத்தனையும் நெசமான ஆளு. மறுநாள் சனிக்கிழம நானே கூண்டுல ஏறி பதினாறாயிரம்னு வாசிச்சேன். கண்ணாடி வழியாப் பாக்குறேன், நம்ம பொண்ணு நீச்சல் ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு வேலிப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டிருக்கா. கேட்டுட்டுத் திரும்பிப் போயிட்டா. அன்னைக்குத் தொறக்க வேண்டிய வாயி."

நீ அன்றைக்கு அங்கே நின்றாய் என்று எனக்குத் தெரியாது, மார்னி. நீயும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் இதை வைத்துக்கொண்டு என்னை வானிலை பேச விட்டிருக்கிறீர்கள். எனக்கு வந்த கோபத்தில் ஒரு தட்டு உடைந்தது, பெரிய பூப்போட்ட தட்டு, உன் அத்தை கொடுத்தது, அது போகட்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் கடைசி ஆட்டம். தாள் ஃபிரிட்ஜிலேயே தொங்கியது. உள்ளே வரமாட்டேன், வாலியின் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பதுதான் என் இடம் என்று அப்பா வண்டி நிறுத்துமிடத்திலேயே நின்றுவிட்டார். நான் காரில் உட்கார்ந்து குறுக்கெழுத்தின் முதல் கட்டத்தைக்கூட நிரப்பவில்லை. ஒலிபெருக்கியில் அந்த ரேடியோ பையன் சோப்பு விளம்பரம் மாதிரி கத்துகிறான், ஆட்டக்காரர்களின் பெயரைக் கொலை செய்கிறான். அப்பா ஆட்டக்காரர்களின் தாய்மார்களைக் கூப்பிட்டுக் கேட்டுத்தான் பெயர்களைப் படித்து வைத்துக்கொள்வார், தெரியுமா? எனக்குப் பொறுக்கவில்லை. நேராக டிக்கெட் ஜன்னலுக்குப் போனேன். முப்பத்தொரு வருஷமாக மனைவி என்று தருகிற ஓசி டிக்கெட்டில்கூட நான் உள்ளே போனதில்லை, நேற்று காசு கொடுத்து வாங்கினேன். ஜன்னலில் இருந்த பெண், "முதியோர் சலுகை வேணுமா மேடம்?" என்றாள். முழு விலையே போடு என்றேன்.

உள்ளே வாலியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், ஆட்டம் தொடங்கியதும் அவர் அடுப்பை அப்பாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். மூன்றாம் கால் பகுதியில் அந்தப் பையன் வாசித்தான், இன்றைய வருகை பன்னிரண்டாயிரத்து நானூற்றுப் பதினாறு என்று. மைதானமே சிரித்தது. சிரித்து அடங்குகிற நேரத்தில் வாலி எழுந்து நின்று கையைத் தூக்கி, "ஒண்ணு!" என்று கத்தினார். அவர் மனைவி, "ரெண்டு!" பின்னால் இருந்த கிழவர், "மூணு!" அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஆள் ஆளாக எழுந்து அவரவர் எண்ணைக் கத்த, அது வரிசை வரிசையாக மைதானத்தைச் சுற்றிப் போனது. எதிரணிக்காக வந்திருந்த முப்பது பேரும் எழுந்து சேர்ந்துகொண்டார்கள். பேண்டு பிள்ளைகள், "எங்கள ஏன் விட்டீங்க?" என்று கூச்சல் போட, "ஓசி டிக்கெட் எல்லாம் டுவேன் கணக்குல கிடையாது, உக்காருங்கடா!" என்று அப்பாவின் பெயரைச் சொல்லி வாலி அதட்டினார். ஆட்டக்காரப் பையன்கள் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். டிரென்ட் கீழே தன் வெள்ளை ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண் சுற்றிக்கொண்டு எங்கள் வரிசைக்குத் திரும்பி வந்தது. கடைசியாக மிஞ்சியது நான் ஒருத்திதான், எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். எனக்கு இந்த விளையாட்டில் நாலு விதிகூடத் தெரியாது, மார்னி. எழுந்து, "நானூத்தி முப்பத்தெட்டு!" என்று கத்தினேன். என் குரலே எனக்குத் தெரியவில்லை.

முடிந்தது என்று எல்லோரும் கைதட்டப் போகும்போது வாசல் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மைக் இல்லை, ஒன்றும் இல்லை, ஆனால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. "நானூத்தி முப்பத்தொம்பது!" உன் அப்பா நின்றுகொண்டிருந்தார், கையில் சாஸேஜ் இடுக்கி, இன்னொரு கையில் டிக்கெட்டை உயர்த்திக் காட்டியபடி. அவரும் காசு கொடுத்துத்தான் வாங்கியிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

ஆட்டத்தில் இருபத்தேழு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். மைக் போனது போனதுதான், டிரென்ட் கூப்பிடவில்லை, கூப்பிடுவார் என்று நான் நினைக்கவும் இல்லை. அடுத்த வருஷம் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள் என்று பேச்சு. அப்பா இரண்டு நாற்காலிக்கு வருஷச் சந்தா கட்டப்போகிறாராம், ஒன்று எனக்காம். குளிரில் உட்கார என் முழங்காலைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டார். அந்தத் தாளின் பின்பக்கத்தில் இப்போது மளிகைப் பட்டியல் எழுதியிருக்கிறார்.

நீ நல்லபடியாக இரு, கண்ணே. கடவுள் உன்னையும் உன் கைராசியையும் காக்கட்டும். பல்லைக் காட்டு, கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி தனியாகத் தபாலில் வருகிறது. இதைப் படித்ததும் போன் செய். நான் எடுத்தால் என்னோடு பேச வேண்டாம், அவர் அடுத்த அறையில்தான் திருகாணி தேடிக்கொண்டிருப்பார், கூப்பிட்டுக் கொடுக்கிறேன். முன்னூற்றுப் பதினொன்று என்று மட்டும் சொல், அவருக்குப் புரியும்.

இப்படிக்கு,
நானூற்று முப்பத்தெட்டாவது ஆள்,
உன் அம்மா லோர்னா