அஞ்சாவது பெட்டிமேல் சிவப்பு அட்டை

ரூம் கதவைத் தட்டினேன், நீ திறக்கல. இன்சுலின் எடுக்க மொத்த வியாபாரக் கடைக்குப் போறேன். குக்கர்ல சாதம் இருக்கு, மருந்துக்கடைச் சாவி அது பக்கத்துல.

கடை ஃப்ரிட்ஜ்ல இன்சுலின் அஞ்சு பெட்டி மிச்சம் இருக்கும்போதே, நடுவுல வச்ச சிவப்பு அட்டை தெரியணும், உடனே ஆர்டர் போடணும். சரக்கு வர மூணு நாள் ஆகுமே. நேத்து அட்டை கடைசிப் பெட்டிக்கு அடியில கிடந்துச்சு, டீச்சர் கேட்டு வந்தப்போ இன்சுலின் தீந்துபோச்சு. ஃப்ரிட்ஜைத் துடைக்கும்போது நீதான் மாத்திட்டதா கத்தினேன்.

மாத்தினது நான். போன மாசம் ரெண்டு பெட்டி காலாவதியானதும், இனிமே கம்மியா வாங்கலாம்னு அட்டையைக் கீழே இறக்கினேன். சுத்தமா மறந்துட்டேன். ராத்திரிதான் ஞாபகம் வந்துச்சு.

பத்து மணிக்கு டீச்சர் கடைக்கு வருவாங்க. அவங்க அம்மாவுக்காக அடுத்த தெருக் கடையில கெஞ்சி வாங்கின பெட்டி நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ்ல, முட்டைக்குப் பக்கத்துல இருக்கு, எடுத்துட்டுப் போய்க் குடு.

இன்னொண்ணு. நேத்து அவங்க முன்னாடிதான் உன்னைத் திட்டினேன். இந்தச் சீட்டை அவங்ககிட்டயும் காட்டு.