ஆமைக்குக் காட்டாத வெயில்

இன்று காலை தொட்டித் தண்ணீரை மாற்றும்போது அந்தப் பாசி வாடை மூக்கில் ஏறியது. முன்பெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவேன். "ஆமை நாறாதுங்க, மாத்தாத தண்ணிதான் நாறும்" என்று சிரிப்பாய். இன்று குனிந்து இன்னொரு முறை முகர்ந்தேன். உன் கையில் எப்போதும் இருந்த வாடை.

உன் ஆமை சாகக் கிடக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ போன அன்று, துக்கம் கேட்க வந்தவர்களுக்குப் பால்கனியில் நாற்காலி போடுவதற்காகத் தொட்டியைத் தூக்கி உள்ளே ஜன்னலோரம் வைத்தேன். அது அங்கேயே இருந்துவிட்டது. கண்ணாடி வழியே வெளிச்சம் வருகிறதே, போதும் என்று நினைத்தேன். மூன்றாம் மாதம் அதன் இமைகள் வீங்கி மூடிக்கொண்டன. தீனியைத் தொடவில்லை. கொள்ளேகாலிலிருந்து வந்த உன் அக்கா பார்த்துவிட்டு, "வாயில்லாச் சீவனுங்க, அவள நெனச்சு ஏங்குது" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. சொல்லப்போனால், அழுவதற்குத் துணை கிடைத்த ஆறுதல் கூட.

உன் குரலாவது கேட்கட்டும் என்று, ஆஸ்பத்திரியிலிருந்து நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைத் தினமும் தொட்டியருகே போட்டேன். நான் அழுதுவிடுவேன். அது அசையாது.

நேற்று கால்நடை மருத்துவர் அதன் ஓட்டின் மேல் அழுத்திப் பார்த்தார். வளைந்தது. தினமும் நேர் வெயிலில் வைக்கிறீர்களா என்று கன்னடத்தில் ஒரே கேள்விதான் கேட்டார். தலையில் இடி விழுந்தது. அந்த மெசேஜில், உன் கன்னடம் கலந்த தமிழில், நீ சொன்னதே அதுதான்: "ஏங்க, தொட்டிய வெளியவே வைங்க. கண்ணாடி வழியா வர்ற வெயில் அதுக்கு சாலதுங்க, மேல நேரா படணும். இல்லேன்னா ஓடு மெத்துனு ஆயிடும். மறக்க பேடி, மறந்துடாதீங்க."

நாள் தவறாமல் கேட்டேன். சொல்லை விட்டுவிட்டுக் குரலை மட்டும் கேட்டிருக்கிறேன், பாவி.

இப்போது மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். அகலமான டப்பில் பாதி வெயில், பாதி நிழல். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டாயிற்று. பிழைக்கும் என்று மருத்துவர் சொல்லவில்லை. கண்ணால் பார்க்காததை ஆமை லேசில் தின்னாது, தண்ணீருக்குள் இல்லாவிட்டால் விழுங்கவும் வராது என்பாய். தீனியை அதன் மூக்கருகே தண்ணீரில் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறேன். சாமுண்டி மலைப் பக்கமிருந்து மேகம் வந்தால்கூட ஆத்திரம் வருகிறது.

இருபத்தாறு வருடத்தில் வேறு எதையெல்லாம் இப்படிக் கேட்டேனோ. போன மழைக்காலம் முழுக்க, "ரொம்ப ஆயாசமா இருக்குங்க" என்றாய். அதையும் நான் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.