மூடியைத் திறக்காமல் இருப்பது

ஜூலை 8, செவ்வாய். பாறசாலை.

எங்கள் அறக்கட்டளை, நோயாளிகளை அன்றாட வேலைகளுக்கு மீண்டும் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி படிக்கும் லின்சிக்குப் படிப்புச் செலவும் ஆராய்ச்சி நிதியும் தருகிறது. அந்த நிதி என்ன செய்கிறது என்று பார்க்க, அறங்காவலன் என்ற முறையில் இன்று போனேன். அது சாயா போடுகிறது.

லின்சியின் ஆராய்ச்சிப்படி, பக்கவாதம் வந்த திரேசம்மா தன் வீட்டு அடுக்களையில் யார் உதவியும் இல்லாமல் சாயா போட வேண்டும். போட்டுவிட்டால், உதியன்குளங்கரையில் பூட்டிக் கிடக்கும் அவருடைய சாயாக்கடையைத் திறக்கலாம் என்று லின்சி சொல்லியிருந்தாள். எங்கள் ஊரில் ஒருவர் சிரமப்படுவதைச் சும்மா பார்த்து நிற்பது மரியாதை ஆகாது. சீனி டப்பாவின் மூடியில் திரேசம்மாவின் கை வழுக்கியதும் அவர் கணவர் பீற்றர் பாய்ந்தார். அவரை முந்திக்கொண்டு நான் திறந்துவிட்டேன்.

"சாறே, எனக்க ஆராய்ச்சிய நீங்களே முடிச்சிட்டியளே!" என்றாள் லின்சி.

டப்பாவை மீண்டும் இறுக மூடி வைத்துவிட்டு, எங்கள் இருவரையும் ஜன்னலுக்கு வெளியே கைகட்டி நிற்க வைத்தாள். நிதி கொடுப்பவருக்கு இப்படியோர் இடம் உண்டென்று எங்கள் விதிமுறைகளில் இல்லை.

மறுபடி மூடியோடு போராட்டம். பீற்றர் என் தோளை நசுக்கினார். கடைசியில் மூடி திறந்தது. சாயாவும் வந்தது, கொஞ்சம் சிந்தியபடி. குடித்த பீற்றரின் முகம் வாடியது.

"இனி எனக்கு என்ன சோலி?"

"கடை திறந்தா கிளாசு கழுவ ஆளு வேணும் ஆக்கும்," என்றார் திரேசம்மா.

சிரித்ததில், சாயா குடித்துக்கொண்டிருந்த எனக்குப் புரையேறியது. முதுகில் தட்டப் பீற்றர் ஓடி வந்தார்.

"விடுங்க," என்றாள் லின்சி. "சாறு தனியா இருமட்டும்."