சோளம் நின்ற சரிவு

ஆகஸ்ட் 4
தம்பி தேஷெங்கின் சான்ச்சி மருந்துவேர்த் தோட்டத்தில் வேரழுகல் விழுந்துவிட்டது. மூன்று வருடப் பயிர், தோண்ட இரண்டே மாதம். கறுப்பு நிழல்வலைக்குள் குனிந்து போய்ப் பார்த்தேன். இலை பச்சையாகத்தான் நிற்கிறது. தொட்டு இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வருகிறது. அடியில் வேர் சளியாகக் கிடக்கிறது. "மழைதான்க்கா. மழை விட்டா இதுவும் நின்னுரும்" என்றான். வீட்டை அடகு வைத்துப் போட்ட பயிர். ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 9
பாதி போயிற்று.

ஆகஸ்ட் 12
சந்தையில் வேர் தரம் பிரிக்கும் ஹுவாங் அம்மாள், நாலு பேர் கேட்கிற மாதிரி: "இந்த வென்ஷான் மலையில விளையுற வேருல பாதி உன் கடை ஏறித்தான் இறங்குது. கூடப் பொறந்தவனுக்கு ஒரு நல்ல மண்ணு காட்டத் தெரியலையா, மகராசி?"

சிரித்து வைத்தேன்.

எழுதித் தொலைக்கிறேன். சான்ச்சி எடுத்த மண்ணில் பதினைந்து வருடம் மறுபடி சான்ச்சி போடக்கூடாது. இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். தம்பி பயிர் போட்டிருக்கும் அந்தச் சரிவில் எட்டு வருடம் முன்பு சான்ச்சி தோண்டினார்கள். மூட்டை மூட்டையாக வாங்கியவளே நான்தான். குத்தகை பேசும்போது தம்பி கேட்டான்: "புது மண்ணுதானேக்கா?" நான், "சோளம் நிக்குதே, கண்ணு தெரியலையா?" என்றேன். பொய்யில்லை. சோளம் நின்றது. புது மண் தூரத்து மலையில். அங்கே போட்டால் வேர் வேறு வியாபாரி கைக்குப் போய்விடும். இடையில் சோளம் போட்டாயிற்றே, போதும் என்று நம்பினேனா? நம்புவது — வசதியாக இருந்தது.

ஆகஸ்ட் 20
தம்பிக்குப் பாத்தியடியில், சான்ச்சிக்கு மட்டுமே நடுகிற நிழல்வலைக் கம்புகளின் பழைய அடிக்கட்டை கிடைத்திருக்கிறது. போய் நிலக்காரர் லூவை அடித்துவிட்டான். கிழிந்த உதட்டில், ரத்தம் நிற்க, சான்ச்சிப் பொடியையே அப்பிக்கொண்டு லூ சொன்னாராம்: "என்னை ஏன்டா அடிக்கிற? அந்தத் தடவை வேரை வாங்கினதே உங்க அக்காதான். சொல்லலையா?"

ஆகஸ்ட் 21
கடைக்கு வந்தான். உட்காரவில்லை.
"தெரியுமா?"
"தெரியும்."
கத்துவான் என்று பார்த்தேன். "கேட்டேன்ல?" என்றான். அவ்வளவுதான். போய்விட்டான்.

ஆகஸ்ட் 26
அழுகாமல் மிஞ்சியதை முன்கூட்டியே தோண்டி ஏற்றி வந்தான். இரட்டை விலை தருகிறேன் என்றேன்.
"சந்தை விலை போதும், முதலாளியம்மா."
பேசி முடித்தது: ஈர வேர் கிலோ முப்பத்திரண்டு யுவான். மண் கழுவிய பிறகு. ரொக்கம். எடை, எதிர்க்கடைத் தராசில்.