அப்பாவின் மரத்துப்போன கை

ஜனவரி 9, 1956

பாறசாலையில் நடந்த மாநில எல்லைப் பிரிப்புக் கூட்டத்துக்கு ஒலிபெருக்கிக் குழலை அயனி மரத்தில் கட்ட ஏறியது அப்பா. விழுந்ததும் அப்பா. வலது தோள் எலும்பு உடைந்துவிட்டது. தையற்காரருக்குக் கத்திரி பிடிக்கிற கை!

அப்பாவின் அக்கா குஞ்சம்மா மாமி ஆஸ்பத்திரிக்கு வந்ததும் தொடங்கினாள்: “எல்லை எந்தப் பக்கம் போனாலும் போட்டு லே பாலையா, ஒனக்க கை எந்தப் பக்கம் போவுதுன்னு பாரு.”

ஜனவரி 11

ஆபரேஷன் முடிந்தது. வலி தெரியாமலிருக்கக் கழுத்தெலும்புக்கு மேலே ஓர் ஊசி போட்டிருக்கிறார்கள். கைக்குப் போகிற நரம்புகளைச் சில மணி நேரம் மரக்க வைக்குமாம். அப்பா இடது கையால் வலது கையைத் தூக்கிவிட்டார், பொத்தென்று விழுந்தது. “இது ஆருக்க கை மக்கா?” என்று சிரிக்கிறார்.

மகள் நான்தான் குடும்பத்தில் முதல் பி.ஏ. என்பதால் டாக்டர் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: உணர்ச்சி திரும்பும்வரை கையில் சூடு படக்கூடாது, சுட்டாலும் அவருக்குத் தெரியாது, எல்லாரிடமும் சொல்லிவிடு. தலையாட்டினேன். கட்டிலைச் சுற்றிப் பதினொரு பேர். அத்தனை பேர் நடுவில் எப்படிப் பேச? கூட்டம் குறையட்டும்.

ஜனவரி 12

என் தப்பு. என் தப்பேதான்.

நேற்று மாலை தண்ணீர் பிடிக்கப் போனேன். துவண்ட கையைப் பார்த்து மாமிக்குப் பொறுக்கவில்லை. எதிர்த்த டீக்கடையில் உப்பு வறுத்து, துணியில் கிழி கட்டி, முழங்கைக்குக் கீழே ஒத்தடம் கொடுத்திருக்கிறாள். நான் திரும்பி வரும்போது அப்பா சொல்கிறார்: “சூடு பத்தாது அக்கா, இன்னும் வை.”

தண்ணீர்க் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் கொப்புளம்.

ஜனவரி 14

வலி திரும்பிவிட்டது. தினமும் ஊசி போட்டு, மரத்திருக்கும்போது நர்ஸ் தோளை அசைத்துவிட வேண்டும். இல்லையென்றால் தோள் இறுகிவிடும், கை மேலே எழும்பாது என்கிறார் டாக்டர். கொப்புளம் ஊசியால் வந்தது என்று நினைத்து, அப்பா ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறார்.

“மருந்து உள்ளே இருந்து வேவ வச்சாச்சு. இனி குத்தாண்டாம்.”

“பின்னே? மருந்தாக்கும் வேவுது,” என்று மாமியும்.

நர்ஸ் விலாசினி கெஞ்சிப் பார்த்தார். நான் தூண் மறைவில் நின்றேன். பட்டம் வாங்கிய தூண்.

ஜனவரி 15

சொல்லிவிட்டேன். வார்டு முழுக்கக் கேட்டிருக்கும்.

“ஊசி இல்லேப்பா, கிழியாக்கும் சுட்டது. சூடு வைக்கக்கூடாதுன்னு டாக்டர் எனக்கிட்ட சொன்னாரு. நான்தான் ஆருக்கிட்டயும் சொல்லல்லே.”

எட்டுக் கட்டில்களும் திரும்பின. மாமி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். “அப்போ ஒன்னச் சுட்டது நானாலே?” — அழுகை. அப்பா கொப்புளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பி.ஏ. படிக்க வச்சது வாயை மூடி வைக்கவா பிள்ளே?”

மாமி அழுகையை நிறுத்தி, “அவளை ஏன் ஏசுதே? இன்னும் வை, இன்னும் வைன்னு கேட்டது நீயாக்கும்,” என்றாள். அடுத்த கட்டில்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு அப்பாவே.

“சிஸ்டரே, குத்துங்கோ.”

கை மரத்ததும் விலாசினி அதை மெல்ல மெல்ல உயர்த்தினார். அப்பா, யாரோ வாடிக்கையாளருக்குச் சட்டைக்கை அளவு பார்ப்பதைப்போலக் கவனித்தார். “வலிக்கல்லே, மக்கா!”

உணர்ச்சி திரும்பும்வரை ஸ்டூல் போட்டுக் காவலிருந்தேன். காப்பியோடு வந்த சித்தப்பாவை வாசலிலேயே நிறுத்திவிட்டேன். அவர் இன்னும் அதிர்ச்சியில் இருக்கிறார்.

ஜனவரி 20

அன்றிலிருந்து ஆறாவது ஊசி. கை தோள் மட்டத்துக்கு வந்துவிட்டது.

மார்ச் 4

குளத்தூரில் எங்கள் தேவாலயத்துக்குப் புறப்படும்போது அப்பா வலது கையாலேயே தலை சீவினார். நாங்கள் எல்லாரும் மூச்சு விடாமல் பார்த்தோம். வகிடு கோணல். யாரும் வாய் திறக்கவில்லை.

நான் சொன்னேன்.