வாசிக்காமல் திருப்பிக் கொடுத்த கதை

உன் வீட்டுக்காரர் நேற்று அந்தத் தொடர்கதைக் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்தெடுத்து, உரச்சாக்கு நூலால் நீயே தைத்தது. "லயத்து வீட்டுல வச்சா கரையான் தின்னுரும். நீங்களே வச்சிக்கங்க" என்றார். இன்னும் ரப்பர் புகை வாசம் அடிக்கிறது. நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிவிட்டது.

நம்ம ஏற்பாடு உனக்கு மறந்திருக்காது. வாசித்து முடித்தவள் மனசில் பட்டதை ஒரு துண்டுத் தாளில் எழுதி, உள்ளே வைத்துத்தான் திருப்பிக் கொடுக்கணும். "பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு எழுதுடீ. சும்மா பூசி மெழுகாத" என்பாய். ஒருமுறை கதாநாயகியைத் திட்டி நான் நாலு பக்கம் எழுதியதை, ரப்பர் சீட்டைப் புகை போட்டுக் காயவைக்கும் ஸ்டோரில் உன்னோடு வேலை செய்த பெண்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டி என் மானத்தை வாங்கினாய்.

அப்புறம் எனக்கு வேலை, வேலைதான். தோட்டத்து ஆபீஸில் சிங்களம் எழுதத் தெரிந்த தமிழ்ப்பிள்ளை நான் ஒருத்தி. ஆபீஸ் வேலை முடிந்தால் அடையாள அட்டைக்குப் பாரம் நிரப்புவது, பிறப்புப் பதிவு, கிராம சேவகருக்குக் கடிதம். ஞாயிற்றுக்கிழமையும் வாசலில் ஆட்கள். ஊருக்கெல்லாம் எழுதினேன். எனக்கென்று ஒரு வரி எழுதவில்லை, ஒரு பக்கம் வாசிக்கவில்லை.

இந்தக் கட்டை நீ கொடுத்தபோதும் மேசையைச் சுற்றிக் கூட்டம். "சீக்கிரம் வாசி, என்ன?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய். பத்து நாள் அது டிராயருக்குள் கிடந்தது. பிறகு, பிரிக்காமலே, "நல்லா இருந்துச்சு" என்று ஒரு துண்டு எழுதி மேலே செருகிக் கொடுத்தனுப்பினேன்.

ரப்பர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து, சின்னக் கொப்புளத்தையும் கண்டுபிடித்து வெட்டி எடுக்கிறவள் நீ. உன்னிடம் போய் அந்தப் பொய்யைச் சொன்னேன் பார்! நீ ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கட்டும் தரவில்லை. ஒரு சுமை குறைந்தது என்றுதான் நினைத்தேன். பிறகு நீ படுக்கையில் விழுந்து, நான் வந்து பார்த்தபோதும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நேற்றுத்தான் பிரித்தேன். ஏழாம் அத்தியாயத்தில் உன் கையெழுத்தில் ஒரு துண்டு.

"வெள்ளிக்கெழம கேகாலை ஆஸ்பத்திரியில ரிப்போட் சொல்லுவாங்க. அவர்கிட்ட இன்னும் சொல்லல. சிங்களம் எனக்கும் வெளங்கும். தனியா கேக்கத்தான் பயமா இருக்கு. கூட வர்றியா? ஆபீஸ்ல அத்தன பேருக்கு முன்னால கேக்க வாய் வரல."

என் பொய்த் துண்டையும் அதோடு சேர்த்து மடித்து வைத்திருந்தாய்.

அழுகை வரவில்லை. சோறாக்கினேன், சாப்பிட்டேன், துணி துவைத்தேன். அழாததற்கு என்மேல் கோபம்கூட வரவில்லை.

இன்று ஞாயிறு. வாசலில் நின்றவர்களை நாளைக்கு வரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தேன். பல வருஷத்துக்குப் பிறகு நான் எனக்காக எழுதுவது இதுதான். அந்த இரண்டு துண்டையும் எடுக்கவில்லை. இதையும் ஏழாம் அத்தியாயத்திலேயே வைக்கப்போகிறேன்.

கதை நல்லா இருந்துச்சுடீ. இந்த முறை வாசிச்சிட்டுத்தான் சொல்றேன்.